இரண்டாவது போட்டோ வரை

நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழற்பந்தல், முதலுதவிப் பெட்டி மூன்றும் இருக்க வேண்டும் என்பது விதி. பணியில் இருந்த காலத்தில் இதை வலியுறுத்தி எத்தனையோ சுற்றறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். பந்தலைத்தான் பார்த்ததில்லை.

போன கோடையில், அனல் காற்று எச்சரிக்கை இருந்த ஒரு நாள், கடலூரிலிருந்து குமராட்சிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் கிளம்பினோம். மனைவிக்கு ரத்த அழுத்தம் உண்டு. விடிந்ததும் போய்விடலாம் என்றாள். நான் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய ஒப்புகை இல்லாமல் நகரமாட்டேன் என்று நின்றேன். முத்திரையைப் பூட்டி வைத்திருந்தவர் பதினொன்றரைக்கு வந்தார்.

செம்மங்குப்பத்து ரசாயன வாடையைத் தாண்டுவதற்குள் ஏசி நின்றுபோனது. வழியெல்லாம் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. வாய்க்கால் எது, வண்டிப்பாதை எது என்று தெரியவில்லை. பரங்கிப்பேட்டைப் பிரிவு கடந்ததும் ரேடியேட்டர் கொதித்தது. ஓரங்கட்டிவிட்டுத் திரும்பினால், மனைவிக்கு முகம் சிவந்து பேச்சு குழறியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வரும், கொஞ்சம் நேரமாகும் என்றார்கள்.

சாலையை ஒட்டி வறண்ட ஏரி. அதற்குள் கருவேலங்கழிகளில் பழைய சேலைகளைக் கட்டி, அடியில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கையில் போனோடு ஒரு பெண் ஓடி வந்தாள். வருகை எடுப்பவள் அவள்தான்.

"அம்மாவத் தூக்குங்கடி. சார், நீங்க கொடைய மட்டும் புடிங்க, போதும்."

நான்கு பேர் தூக்கிப் போய் நிழலில் கிடத்தினார்கள். ஏரியின் மூலையில் அவர்களே தோண்டியிருந்த ஊற்றில் துண்டுகளை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். ஒருத்தி என் மனைவியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். பேச்சு தெளியும்வரை வாயில் ஒன்றும் ஊற்றவில்லை. தெளிந்த பிறகுதான் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், அதுவும் ஒவ்வொரு வாயாக. இதைப் பற்றி நான் ஒரு பயிற்சிக் கையேடே தயாரித்தவன். இவ்வளவு ஒழுங்காக யாரும் செய்து பார்த்ததில்லை.

வீட்டிலிருந்து கொண்டுவந்த குடங்கள் வரிசையாக இருந்தன. ரேடியேட்டருக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"காரு குடிக்காம செத்துடாது சார். நாங்க செத்துடுவோம்," என்றார் ஒரு வயதான அம்மா. ஊற்றைக் கை காட்டினார்.

வேலை காலையிலேயே முடிந்துவிட்டதாம். காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. இரண்டிலும் இருந்தால்தான் வருகை விழும். அதற்காகத்தான் அந்த வெயிலில் காத்திருந்தார்கள்.

போட்டோ நேரம் வந்தது. மற்றவர்கள் எழுந்து வேலை செய்த இடத்துக்குப் போனார்கள். மடியில் தலையைத் தாங்கியிருந்தவளிடம், எழுந்து போய் நில்லம்மா, இல்லாவிட்டால் இன்றைய வருகை போய்விடும் என்று விதியை விளக்கினேன்.

"தலைய எறக்கி வெச்சா தரை சுடும் சார்," என்றாள். அசையவில்லை.

போன்காரி ஒரு கணம் யோசித்தாள். பிறகு மற்றவர்கள் எல்லாரையும் இந்தப் பக்கம் கூப்பிட்டாள். எங்களைச் சுற்றி நின்றார்கள். அந்தப் படத்தில் பதிவு பெறாத இருவர் இருக்கிறார்கள்: படுத்திருக்கும் என் மனைவி, குடை பிடித்திருக்கும் நான். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு படம் வந்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "முத்திர நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள். என் முகம் போன போக்கைப் பார்த்து முப்பது பேரும் சிரித்தார்கள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் சோதித்துவிட்டு, முக்கால்வாசி வேலையை இவுங்களே முடிச்சிட்டாங்க என்றார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினோம்.

மறு வாரம் அந்த ஏரிக்குப் பந்தலும் குடிநீரும் கேட்டு, விதியை மேற்கோள் காட்டி மனு எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகைக்காக மனைவியை மறுபடி காக்கவைக்க மனமில்லை.

பதில் வந்தது. அவள்தான் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். மேற்படி பணித்தளம் தற்சமயம் முழுமையாக நீரில் மூழ்கியுள்ளபடியால் நிழற்பந்தல் அமைக்கும் அவசியம் எழவில்லை என்று இருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று தீபாவளிக்கு மறுநாள்.