மூன்று தகரம் அரிசி

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் தகரக் கூரை வரைக்கும் திறந்த இடம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டுக்கும் ஒரே கூரை. முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே இதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

டயகமப் பக்கத்துத் தோட்டம் அது. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். என் அப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை. தோட்டத்து ஆளைக் கட்டிக்கொண்டதற்காக அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா அப்பாவை மீறி எதுவும் செய்தவரில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது நிலைமை இதுதான்: தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். எனக்குத் தாய் வீட்டுக் கதவு மூடியிருந்தது. தோட்டத்தின் பிரிவுகளான மூன்று டிவிஷனுக்கும் மருத்துவச்சி ஒருத்திதான். அவள் வந்து சேராவிட்டால் அடுத்த வீட்டு அக்காதான் எனக்குக் கதி.

அக்காவுக்கு நான்கு பிள்ளைகள். லயத்தில் பாதிப் பிரசவங்களை அவள்தான் பார்த்திருந்தாள். என்னை முதல் நாளிலிருந்தே “கடக்காரு மக” என்றுதான் கூப்பிட்டாள். “ஏய் கடக்காரு மக, அடுப்பு பத்துச்சா? பத்தலன்னா தணலு தாரேன், வா” என்று சுவருக்கு மேலாகக் குரல் வரும். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் என்னோடு அவ்வளவு பேசவில்லை.

அந்த ஐப்பசி முழுக்க வேலைநிறுத்தப் பேச்சுதான். வேலை நின்றால் வாரா வாரம் தோட்டத்து நிர்வாகம் போடும் அரிசியும் நிற்கும். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றை நான் தொடங்கினேன். பஞ்சம் வரப்போகிறது என்றால் கடைக்காரர் வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். பிஸ்கட் தகரங்கள் மூன்றை வாங்கிக் கழுவி வெயில் கண்ட நேரத்தில் காயவைத்தேன். வாரம் கிடைத்த அரிசியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் புடைத்து, ஈரம் போக அடுப்பருகே பரப்பி, காய்ந்த மிளகாயும் உப்புக்கல்லும் போட்டு நிரப்பினேன். மூடியைச் சுற்றி மாவுப் பசையில் துணி ஒட்டினேன். ஒரு பொட்டலம் கருவாடு, கொஞ்சம் பருப்பு, கருப்பட்டி. எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

என் கணவர் குனிந்து பார்த்தார்.

“ஒரு தகரம் போதும் புள்ள. மூணு எதுக்கு?”

“ரெண்டு பேருக்கு இல்லீங்க, மூணு பேருக்கு.”

அவர் நிமிர்ந்து வெளியே போனார். லயத்து வழக்கம் என்ன என்பதை அவர் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

வழக்கம் இதுதான். வேலைநிறுத்தத்தின் முதல் நாள் காலையில் கோயில் முன்னால் ஒரு சாக்கை விரித்தார்கள். ஒவ்வொரு வீடும் இருந்த அரிசியைக் கொண்டுவந்து அதில் கொட்டியது. இனி வேலை தொடங்கும் வரை எல்லோருக்கும் ஒரே கஞ்சி, அதைக் காய்ச்ச ஒரே பெரிய கிடாரம். நான் பானையில் வெளியே வைத்திருந்த ஒரு கொத்து அளவு அரிசியைக் கொண்டுபோய்க் கொட்டினேன். அக்கா சிரித்தாள்.

“என்னா கடக்காரு மக, தராசயும் கொண்டாந்திருக்கலாம்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா கொட்டியது நான்கு கொத்து இருக்கும். அவள் வீட்டில் அன்று வேறு அரிசி இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறாம் நாள் கஞ்சியில் கரண்டியைப் போட்டால் தண்ணீர்தான் ஏறியது. என் கணவர் சங்கத்து ஆட்களோடு ஹட்டனுக்குப் போயிருந்தார். பிற்பகலில் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், கூட்டம். லயமே காலியானது. வயிறு பெரிதாக இருந்ததால் என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் ஒரு தகரத்தை உடைத்து அரிசி வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன். கருவாட்டுத் துண்டு ஒன்றைத் தணலில் போட்டேன்.

மழை வந்தது. கூட்டம் பாதியில் கலைந்தது. மழையில் புகை மேலே ஏறாமல் கூரைக்கு அடியிலேயே படர்ந்து பன்னிரண்டு வீட்டுக்கும் போனது. அக்காவின் வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும் பிள்ளைகளின் காலடியும் கேட்டன. சின்னவளின் குரல் தெளிவாக வந்தது.

“அம்மா, கருவாட்டு வாசம் வருதும்மா.”

ஈரத் துணியைப் பிழியும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்.

“அது நம்ம வீட்டு வாசம் இல்ல. தலைய தொவட்டிட்டுப் பேசாம உக்காரு.”

என் முன்னால் சோற்றுத் தட்டு இருந்தது. நான் அதைச் சாப்பிட்டேன். மெல்லும் சத்தம் கேட்காதபடி மெதுவாகச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எழுந்து அந்தச் சின்னவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் மூன்று தகரங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கிடாரத்தடிக்குப் போனேன். யாரும் கை கொடுக்கவில்லை. லயத்துத் தலைவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

“இம்புட்டும் எங்கம்மா இருந்துச்சு?”

நான் பதில் சொல்லுமுன் அக்கா சொன்னாள்: “சும்மா கொட்டாதீங்க தலைவரே. அளந்து கொட்டுங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அளந்து கொட்டினார். அன்று கஞ்சி கெட்டியாக இருந்தது. எனக்கும் எல்லோருக்கும் ஊற்றிய அதே அளவு ஊற்றினார்கள். குறையவுமில்லை, கூடவுமில்லை.

மூன்று நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்ததாகச் சொன்னார்கள். அடுத்து அரிசி போட்ட நாளில் லயத்துப் பெண்கள் வரிசையாக என் வாசலுக்கு வந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுவந்து என் தகரங்களில் கொட்டினார்கள். வேண்டாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. சாக்கில் மற்ற வீடுகள் கொட்டிய அரிசியை யாரும் யாருக்கும் திருப்பவில்லை. என் அரிசி மட்டும் திரும்பி வந்தது. கடைசியாக அக்கா வந்தாள்.

“சரியா இருக்கான்னு பாத்துக்கங்க.”

அதுவரை என்னை நீ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். “அக்கா, நான் தெரியாம…” என்று தொடங்கினேன்.

“என்னாத்த தெரியாம? அரிசி இருந்தா ஆக்கத்தான் செய்வாங்க.” போய்விட்டாள்.

பிறகு இரண்டு மாதம் சுவருக்கு மேலாக எந்தக் குரலும் எனக்காக வரவில்லை. அடுப்பு பற்றாத காலையில் நானே ஊதி ஊதிப் பற்றவைத்தேன். வயிறு இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. என் கணவரிடம் கேட்டேன். “கூப்பிட்டா வருவாங்க” என்றார். அவர் அந்த லயத்திலேயே பிறந்தவர். அவர் கூப்பிட்டால் வருவார்கள்.

வலி எடுத்தது ஒரு தை மாதத்துக் காலை. அவர் வேலைக்குப் போயிருந்தார். மருத்துவச்சி மேல் டிவிஷனில் இருந்தாள். அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. “அக்கா” என்று ஒரு தடவை கூப்பிட்டேன். சத்தம் நின்றது. அவ்வளவு நேரம் நான் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு கூடை தரையில் வைக்கப்படுவது கேட்டது.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வெந்நீர் அவள் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. துணி அவளுடையது. “மூச்ச அடக்காதீங்க”, “கால மடக்குங்க”, தேவையான அளவுக்குப் பேசினாள். வலி விட்ட நேரங்களில் என் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மதியத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. அன்றைய சம்பளம் அவளுக்கு இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

பதினாறு நாளும் மிளகும் பூண்டும் போட்ட பத்தியச் சோறு அக்காதான் ஆக்கிக் கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த அரிசியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

“இருக்கட்டுங்க. புள்ள பெத்த வீட்ல அரிசி கொறையக் கூடாது.”

ஆனால் குழந்தை பிறந்த நாளுக்குப் பிறகு அவள் என் வாசலைத் தாண்டவில்லை; தட்டை வாசலில் வைப்பாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டுக்காக வெளியே நிற்பாள். மழை தூறும் நாளிலும் அப்படித்தான். உள்ளே வந்து குழந்தையைப் பாருங்கள் என்றேன்.

“அடுப்புல வேல கெடக்கு” என்றாள். ஆனால் போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டு காலியாகும்வரை வெளியே நின்றாள்.