ஸ்டெஃபா நம்பாத மெத்தை

மகிலியோவ் நகரத்தில், இழுத்துக் கட்டிய வலைமேல் எம்பிக் குதிக்கிற டிராம்போலின் கூடத்தில் ஸ்டெஃபாவைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: தண்ணீர் பாட்டிலை யார் கையிலும் கொடுக்க மாட்டாள். "இன்னிக்கு நல்லா குதிச்சே" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "எதுக்குச் சொல்றே?" என்று திருப்பிக் கேட்பாள். பிறவிக் குணம் இல்லை அது. அவள் அம்மா ஹலீனா டிராலிபஸ் ஓட்டுகிறவள். பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் ஆறு வயதில் கூடத்தில் விட்டுப் போனபோது, யார் தூக்கினாலும் சிரிக்கிற குழந்தையாகத்தான் இருந்தாள்.

தூக்கியவர் பயிற்சியாளர் ஹெனாட்ஸ் விகென்சியெவிச். அவருக்கும் உலியானா என்று ஒரு மகள், ஸ்டெஃபாவின் வயதுதான். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து வலையில் ஜோடியாக, ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கப் பழக்கினார். பத்து வருஷத்துக்கு மேல்! உலியானாவின் பாதம் வலையை உதைக்கிற சத்தத்தை வைத்தே, அவள் ராத்திரி தூங்கினாளா, வயிற்று வலியா என்று ஸ்டெஃபா சொல்லிவிடுவாள். மத்தியானம் ஒரே டப்பாவில் உருளைக்கிழங்கு அடை தின்பார்கள். புளித்த கிரீம் யாருக்கு அதிகம் என்று அடிதடியும் நடக்கும்.

பத்தொன்பது வயதில் வந்தது வினை. உலகப் போட்டிக்குத் தனியாளாகப் போக ஒரே ஒரு இடம். அதற்கு இந்த இரண்டு பேரும்தான் போட்டி.

பத்துக் குதி குதிக்க வேண்டும். பக்கத்தில் பயிற்சியாளர் தடித்த மெத்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குதிக்கிறவள் கோணலாக இறங்குகிறாள் என்று தெரிந்தால் அதை வலைமேல் தள்ளிவிடுவார். எலும்பு தப்பும். ஆனால் உடம்பு மெத்தையில் பட்டதோடு ஆட்டம் முடிந்தது. மிச்சக் குதி எல்லாம் போச்சு. அன்றைக்கு இரண்டு பேருக்கும் மெத்தை பிடித்தவர் ஹெனாட்ஸ்தான். வேறு யார் பிடிப்பார்?

ஏறுவதற்கு முன் ஹெனாட்ஸ் வழக்கம்போல, "இறகும் கிடைக்காது, ரோமமும் கிடைக்காது" என்றார். கண் படாமல் இருக்க அந்த ஊரில் வாழ்த்துவது அப்படித்தான்; பதிலுக்கு "நாசமாப் போங்க" என்று திட்டத்தான் வேண்டும். திட்டினால்தான் நல்லது நடக்கும். ஸ்டெஃபா படபடப்பில் "நன்றி" என்று சொல்லித் தொலைத்தாள்.

ஏழு குதி கச்சிதம். எட்டாவதற்கு எழும்பி, உச்சியில் திரும்பிக் கீழே பார்க்கிறாள்: வலையைக் காணோம், நீல மெத்தை கிடக்கிறது. நடு மெத்தையில் முதுகு அடித்து விழுந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இடம் உலியானாவுக்குப் போனது.

நடைபாதையில் ஸ்டெஃபா ஹெனாட்ஸை மறித்துக்கொண்டாள். "ஏன் தள்ளினீங்க?"

"உன் இடது கால்" என்றார் அவர். அவ்வளவுதான். அந்த மனுஷனிடம் எப்போதுமே பேச்சுக்குப் பஞ்சம்.

"கால்ல என்ன? நல்லாத்தானே இருக்கேன், பாருங்க!"

அவர் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். வீட்டில் ஹலீனா வாணலியை அடுப்பில் படாரென்று வைத்தாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுடி. பெத்த மகளை விட்டுட்டு உன்னை அனுப்ப அவருக்குப் பைத்தியமா?"

அப்படியிருக்காது என்றுதான் முதல் வாரம் ஸ்டெஃபா நினைத்தாள். பிறகு யாரோ எடுத்த வீடியோ கைக்கு வந்தது. ஒவ்வொரு அசைவாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அம்மாடி! அவள் உடம்பு இன்னும் கோணவே இல்லை, மேலே போய்க்கொண்டிருக்கிறாள். மெத்தையின் ஓரம் அதற்குள் நகர ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கூடத்தில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் பாக்கியில்லை. துடைக்க வருகிற கிழவிக்குக்கூடப் போட்டுக் காட்டினாள்.

அன்றோடு ஹெனாட்ஸை விட்டு ரீட்டா என்ற வேறொரு பயிற்சியாளரிடம் போனாள். போன முதல் நாளே நிபந்தனை: "மெத்தை மட்டும் உள்ள வந்துச்சு, அப்புறம் உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்." ரீட்டா பயந்தவள், தள்ளவே மாட்டாள். விளைவு? ஒரு வசந்தத்தில் காறை எலும்பு, இன்னொரு வருஷம் கணுக்கால். கட்டோடு உட்கார்ந்து, "உடைஞ்சாலும் என் குதியில உடைஞ்சது" என்று பெருமை வேறு பேசினாள். அதே கூடத்தில் பத்தடி தள்ளி உலியானா குதித்தாள். ஒன்பது வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

இருபத்தெட்டு வயதில், மின்ஸ்க்கில், ஸ்டெஃபாவுக்குக் கடைசி வாய்ப்பு. அணியில் மூன்று இடம். அவள் குதித்து முடித்தபோது பலகையில் மூன்றாவதாக நின்றாள். இன்னும் குதிக்க வேண்டியவள் ஒருத்திதான். அவள் பத்தையும் முடித்தால் ஸ்டெஃபா வெளியே. அந்த ஒருத்தி உலியானா.

காலையிலேயே ஹெனாட்ஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. உடை மாற்றும் அறைப் பெஞ்சில் மல்லாந்து கிடந்தார், அசைய முடியவில்லை. உலியானா நேரே ஸ்டெஃபாவிடம் வந்தாள்.

"எனக்கு மெத்தை பிடிக்கிறியா?"

ஸ்டெஃபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நானா? எதுக்கு? என்னடி திட்டம்?"

"திட்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் குதியைத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். வர்றியா இல்லையா?"

இதில் என்ன சூது இருக்கும் என்று ஸ்டெஃபா யோசித்தபடியே நடந்தாள். நான் தள்ளினால் என்னைத் தடை பண்ண வைப்பாளோ? தள்ளாமல் விட்டு இவள் விழுந்தால் பழி என் தலையிலா? எப்படிப் பார்த்தாலும் பொறி மாதிரித்தான் தெரிந்தது. எது வந்தாலும் மெத்தையைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"இறகும் கிடைக்காது, ரோமமும் கிடைக்காது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாசமாப் போ" என்று உலியானா சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அவளிடம் காட்டிய முதல் சிரிப்பு.

ஒன்று, இரண்டு, மூன்று... வலை முழங்கியது. அந்தச் சத்தம் ஸ்டெஃபாவுக்கு மனப்பாடம். ஆறாவதை முடித்து ஏழாவதற்கு உதைக்கும்போது சத்தம் இரண்டாகப் பிளந்து கேட்டது. இடது பாதம் கண்ணிமைக்கிற நேரம் பிந்தி வலையை விட்டது. அவ்வளவுதான். உலியானா நேராகத்தான் மேலே போனாள்; கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெஃபாவுக்குத் தெரிந்தது: இவள் வலையைச் சுற்றியிருக்கிற இரும்புச் சட்டத்தில் தலைகீழாக இறங்கப் போகிறாள். யோசிக்கவில்லை. கை தானாகத் தள்ளிவிட்டது.

மெத்தையின் ஓரத்தில், சட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, உலியானா தோள் அடித்து விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கீறல் இல்லை.

"ஏன் தள்ளினே?"

ஸ்டெஃபாவின் வாயில் வேறு சொல் வரவில்லை. "உன் இடது கால்."

உலியானாவின் முகம் வெளுத்தது. "ஒன்பது வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தியா?"

கூடம் குசுகுசுத்தது. ரீட்டா கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஹலீனா இறங்கி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "குடுத்தே பாரு, என் தங்கம்! வட்டியும் முதலுமா குடுத்தே!"

"இல்லம்மா. அவ விழுந்திருப்பா. நிஜமாவே விழுந்திருப்பாம்மா."

"ஆமாமா, அப்படியே சொல்லு. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு" என்று அம்மா கண்ணடித்தாள். பெற்றவளே நம்பவில்லையே!

ஸ்டெஃபா உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். ஹெனாட்ஸ் கூரையைப் பார்த்துக் கிடந்தார். செய்தி அதற்குள் வந்துவிட்டது.

"எந்தக் கால்?" என்றார்.

"இடது."

"எப்ப பார்த்தே?"

"கிளம்பும்போதே. மேல போகும்போது தள்ள ஆரம்பிச்சுட்டேன்."

"அப்பத்தான் தள்ளணும். கோணினதுக்கு அப்புறம் தள்ளினா மெத்தை போய்ச் சேராது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவளுக்கு அடி இல்லையே?"

"இல்ல." அவள் பெஞ்சுப் பக்கம் மண்டியிட்டாள். "ஹெனாட்ஸ் விகென்சியெவிச், அன்னிக்கு என் கால்..."

"அன்னிக்கே சொன்னேனே பொண்ணே."

அவள் அழுதாள். அவர் கையை நீட்டிப் பார்த்தார், இடுப்பு விடவில்லை.

அணிப் பட்டியலில் மூன்றாவது பெயர் அவளுடையது. மகிலியோவுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முன் இருக்கையில் உலியானா போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுவாள், நிறுத்துவாள், பின்னுக்குத் தள்ளுவாள், விரலால் பெரிதாக்குவாள். பெரிதாக்கியது மெத்தையின் ஓரத்தை.

"காலைப் பாருடி" என்றாள் ஸ்டெஃபா, இருக்கை இடுக்கு வழியாக. "மெத்தையைப் பார்க்காதே. காலைப் பாரு."

உலியானா போனை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டாள்.