ரூபீனாவும் கதவு கேட்காத காற்றும்

யார் வீட்டுக்குப் போனாலும் ரூபீனா முதலில் பார்ப்பது நோயாளியின் நகங்களைத்தான். கையைப் பிடித்து நலம் விசாரிப்பது போலிருக்கும். ஆனால் பார்வை நகத்தின் நிறத்தின் மேல்தான் இருக்கும்; ஆக்சிஜன் குறைந்தால் நகம் நீலம் பாயும். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, வீடு வீடாக ஆக்சிஜன் மெஷின்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. வயது நாற்பத்திரண்டு. ஃபில்டர் தூசியைத் தேய்க்கக் கைப்பையில் ஒரு பழைய பல்துலக்கி. "மெஷினுக்கும் மூக்கடைக்கும்" என்பார்.

போன ஆனி மாதம், மயிலாப்பூரில் அம்பி வீட்டில் நகம் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. ரூபீனாவுக்கு அதுதான் உறுத்தியது. பாட்டு வாத்தியாராக இருந்து நுரையீரல் கெட்டுப்போன அம்பி, கூப்பிட்டால் குழறினார், கண் சொருகியது. மெஷினில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று இருக்க வேண்டிய அளவு நான்கில் இருந்தது. உடனே டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி அளவைக் குறைத்து, ஆம்புலன்ஸையும் வரவழைத்தார்.

நான்காம் நாள் அம்பி வீடு திரும்பினார். அவர் மனைவி விசாலாக்ஷி ரூபீனாவிடம் அழுதார். "நான்தான் மெஷினைத் திருகி ஜாஸ்தி பண்ணினேன். மூச்சு வாங்கிண்டு இருந்தாரே, பாத்துண்டு எப்படி இருக்கறது?"

"உங்க மேல தப்பில்ல மாமி. ஒடம்புல ஒவ்வொரு செல்லு மேலயும் எண்ணெ மாரி மெல்லிசா ஒரு தோலு கீது. உப்பு, சர்க்கரைக்கெல்லாம் அதுல தனியா வாசல் வேணும். ஆக்சிஜன் வாசல் கேக்காது. எங்க கம்மியா கீதோ, அங்க தானா உள்ள பூந்துடும். நாம புடிச்சித் தள்ள வேணாம்."

"அப்போ எதனால மயங்கினார்?"

"கெட்ட காத்தும் அப்டிதான், செல்ல விட்டு தானா வந்துடும். அத வெளிய அனுப்பறதுதான் மூச்சோட வேல. மாமா மாரி நுரையீரலுக்கு ஆக்சிஜன் ஜாஸ்தியானா, அந்தக் கெட்ட காத்து ரத்தத்துலயே தங்கி மயக்கிடும்."

விசாலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் நான்தான் அவருக்கு மூச்சைக் குடுத்துண்டு இருக்கேன்னு நெனச்சேன்."

"நீங்க தூங்குங்க மாமி. அது பாட்டுக்கு நடந்துகினு இருக்கும்."

ரூபீனா சொல்லி இதையெல்லாம் கேட்ட நானும் போன வாரம் அவரோடு அம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது பகலில் சில மணி நேரம் மெஷின் இல்லாமலே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில் 'ஸ' பிடித்தார். குரல் நடுங்கியது, அறுபடவில்லை. ஹெல்மெட்டை மாட்டப்போன ரூபீனா அப்படியே நின்றார். அம்பி ஸ்வரத்தை முடிக்கும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் விட்டார்.