முட்டுகளைப் பிரிக்கச் சொன்னவள்

புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நான் வீடு கட்டினேன். சேலத்தில் வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள் நான். அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்ததால் கட்டட வேலை முழுவதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

காண்ட்ராக்டர் மல்லசமுத்திரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அதட்டிப் பேசத் தெரியாதவர். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தையே நகலெடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதை நான் முழுதாகப் படிக்கவில்லை. அவரும் படித்திருக்க மாட்டார்.

வாசலுக்கு முன்னால் கார் நிறுத்த ஒரு போர்டிகோ. தூண் இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை தாங்க அடியில் சவுக்குக் கட்டை முட்டுகள் கொடுத்திருந்தார்கள். பங்குத்தந்தை புது வீட்டை மந்திரிக்கத் தேதி கொடுத்துவிட்டார். கணவருக்கும் அந்த வாரத்தில் மட்டும்தான் விடுமுறை. முட்டுகள் நின்றதால் வாசலில் கல் பதிக்க முடியாமல் கிடந்தது.

கான்கிரீட் போட்ட பதினோராம் நாள் காலை, பள்ளிக்குப் போகிற வழியில் இறங்கி காண்ட்ராக்டரிடம் சொன்னேன்.

"இன்னைக்கே பிரிச்சுருங்கண்ணா. கல்லு பதிக்கறவங்க நாளைக்கு வர்றாங்க."

"ஏனுங்க டீச்சர், நீட்டி நிக்கற தளமுங்க. இருவத்தொரு நாளாச்சும் முட்டு நிக்கோணும். நடுவுல மழ வேற."

"மேல யாரு ஏறப் போறாங்க? நான் சொல்றேன், பிரிங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. பிரிச்சுப் போடறேன்."

நான் சிரித்துவிட்டேன். "நமக்குள்ள என்னண்ணா எழுத்து?"

அந்தச் சிரிப்பில் சூது எதுவும் இல்லை. பஸ் வந்துகொண்டிருந்தது, ஏறிப் போய்விட்டேன்.

மதியம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தொலைபேசி வந்தது. கடைசி வரிசை முட்டைத் தட்டியதும் தளம் சுவரோடு சேரும் இடத்தில் முறிந்து விழுந்துவிட்டது. அடியில் நின்ற சென்ட்ரிங் தொழிலாளி அங்கேயே இறந்துபோனார். சேந்தமங்கலத்துக்காரர், முப்பத்து நான்கு வயது. நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துப் போயிருந்தார்கள். கம்பிகள் வளைந்து தொங்கின. அவருடைய செருப்பு மட்டும் மணல்மேட்டில் ஒழுங்காக விட்டபடி இருந்தது.

அன்று மாலையே வக்கீலிடம் போனேன். ஒப்பந்தத்தை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். வேலையில் செய்யும் எந்த மாற்றமும் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்று ஒன்பதாவது பத்தியில் இருந்தது.

"எழுத்துல ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்ல."

"போன்ல?"

"நேர்லதான் சொன்னேன்."

"அப்பச் சொல்லவே இல்லைன்னு வெச்சுக்கங்க," என்றார். "குடியிருக்கக் கட்டற வீடு, உங்களுக்கு இது தொழில் இல்ல. ஆளுகளை வேலைக்கு வெச்சவரு காண்ட்ராக்டர். இழப்பீடும் கேஸும் அவருக்குத்தான் வரும்."

காவல் நிலையத்தில், டீச்சர் சொல்லித்தான் பிரித்தோம் என்று காண்ட்ராக்டர் சொன்னாராம். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவரிடம் எதுவும் இல்லை. என்னிடம் கேட்டபோது, கட்டட வேலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அவர் முடிவு என்று எழுதிக் கொடுத்தேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவர்மேல் மட்டும் வழக்குப் பதிவானது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இறந்தவரின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க ஊட்டுக்காரரு அன்னைக்குப் பிரிக்க வேண்டாம்னுதான் சொன்னாருங்களாம். கூட வேல பார்த்தவங்க சொன்னாங்க. பிரிக்கச் சொன்னது யாருங்க டீச்சர்?"

"தெரியலைங்க," என்றேன்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இறந்தவருடைய அட்டை புதுப்பிக்கப்படாமல் இருந்ததால் அங்கிருந்து எதுவும் கிடைக்கவில்லை. காண்ட்ராக்டர் ஆட்களுக்குக் காப்பீடும் எடுத்திருக்கவில்லை. தொழிலாளர் துறையிலிருந்து இழப்பீடு கட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது, அவர் தான் குடியிருந்த வீட்டை விற்றார்.

மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் அரசுத் தரப்புச் சாட்சியாக என்னை அழைத்தார்கள். வக்கீல் தயார் செய்து அனுப்பியிருந்தார். ஆனால் கூண்டில் ஏறி, கடைசி பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், நான்தான் பிரிக்கச் சொன்னேன், அவர் மறுத்தார், எழுதிக் கேட்டார் என்று சொல்லிவிட்டேன். அரசு வழக்கறிஞர் கோபப்பட்டார். நான் பிறழ்சாட்சி என்று பதிவாயிற்று.

தீர்ப்பில் அது பெரிதாக எதையும் மாற்றவில்லை. உரிமையாளர் அவசரப்படுத்தினாலும், தொழில் தெரிந்தவர் மறுத்திருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். காண்ட்ராக்டருக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, அவர் ஜாமீனில் இருக்கிறார். என்மேல் யாரும் எந்த வழக்கும் போடவில்லை.

நான் சாட்சி சொன்ன அன்று நீதிமன்ற வாசலில் காண்ட்ராக்டர் என்னிடம் வந்தார். மிகவும் இளைத்திருந்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, இழப்பீட்டுல பாதியாச்சும் உங்ககிட்டக் கேட்டிருப்பனுங்க. எம்பட ஊடு மிஞ்சியிருக்கும்."

"தப்புப் பண்ணிட்டேண்ணா."

"நானும் பண்ணிப்போட்டனுங்க. முடியாதுன்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயிருக்கோணும். டீச்சர் மனசு கோணக்கூடாதுன்னு பார்த்தேன்."

இறந்தவரின் மனைவி எங்களைக் கடந்து சாலைக்குப் போனார். நாங்கள் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சேந்தமங்கலம் பஸ் வந்தது. அவர் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.