பின்வீட்டு ஆன்டி கையெழுத்து போடத் தயார், நான்தான் வாங்கவில்லை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக் கிச்சனுக்கு மேலே ஒரு ரூம் கட்டலாம் என்று இருக்கிறோம். பெர்மிட்டுக்கு மனு போடும் முன் பக்கத்து வீடு, பின்வீடு எல்லாரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து போடணுமாம்.

பக்கத்து வீடுகளில் உடனே போட்டுவிட்டார்கள். பின்வீட்டுக்கு அடுத்த தெருவைச் சுற்றிப் போகணும். பதினொரு வருஷத்தில் இன்று காலைதான் முதல் தடவை போனேன்.

கதவைத் திறந்த ஆன்டி, "நீங்கதானே லோகாவோட வீட்டுக்காரர்?" என்றார்.

"எப்படித் தெரியும் ஆன்டி?"

"நீங்க சண்டை போட்டா என் கிச்சன் வரைக்கும் கேக்கும் லா."

பிளானை நிதானமாகப் பார்த்தார். "சைன் பண்றேன். முதல்ல உள்ள வந்து பாருங்க."

கிச்சனில் ஒரே ஜன்னல். அதன் வழியாக வந்த வெயிலில் அங்கிள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம் என் வீடு. என் ரூம் எழும்பினால் அந்த வெயில் அவருக்குக் கிடைக்காது.

ஆன்டி பேனாவை எடுத்தார்.

"இன்னைக்கு வேணாம் ஆன்டி" என்று பிளானைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"கையெழுத்து வாங்கப் போனீங்களா, ரூமை விட்டுக்கொடுக்கப் போனீங்களா?" என்று வீட்டில் லோகா கேட்டாள். பிளானைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சரி, முன்பக்கம் கட்டலாம்" என்றாள்.

பிளான் வரைபவருக்கு போன் போட்டேன். "தாராளமா கட்டலாம் பாஸ். எதிர்வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க."

கார் நிறுத்தும் தகராறில் அவரும் நானும் ஆறு மாசமாகப் பேசுவதில்லை.

முறுக்கோடு போகலாமா, வெறுங்கையோடு போகலாமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.