போதும் என்று சொல்லத் தெரியாத கை

முதலில் தெரிந்தது நடுக்கம் அல்ல. நான் போட்ட பிணைப்புகள் விட்டுப்போயின. தறியில் முடியப்போகும் பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது என் வேலை. இருபது வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லை. வலது கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதை நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நரம்பியல் மருத்துவர் நடக்கச் சொல்லிப் பார்த்தார். பார்க்கின்சன் (மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் குறைந்துபோகும் நோய்) என்றார். டோபமின் என்பது ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்லும் ரசாயனம். அவர் முதலில் கொடுத்த மாத்திரை மூளைக்குள் போய் டோபமினாக மாறும். சில மாதம் கழித்துச் சேர்த்த இரண்டாவது மாத்திரை டோபமின் போலவே நடிக்கும். சேதி வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கை திரும்பியது. பழகட்டும் என்று கழிவு இழைகளை எடுத்து உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போகும், எழுந்திருக்க மாட்டேன். அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் தேரடி வரைக்கும் போய்ப் பெருமையாகச் சொல்லி வந்தார்.

“காலைல குந்துனான்னா சாயந்திரம் வரைக்கும் பிணைச்சிக்கினே இருக்கா டாக்டர். பழைய கை வந்துடுச்சி” என்றார் மருத்துவரிடமும்.

“எத்தனை பாவு முடிச்சீங்கம்மா?”

ஒன்றுகூட இல்லை. அதே கழிவு இழைகளைப் பிணைப்பேன், பிரிப்பேன், மறுபடி பிணைப்பேன். வேறு ஊராக இருந்தால் சீக்கிரமே சந்தேகம் வந்திருக்கும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் கை ஓயாமல் ஓடினால் அதற்குப் பெயர் சுறுசுறுப்பு.

“இது ரெண்டாவது மாத்திரை பண்ற வேலைம்மா. கையை அசைக்கிற அதே டோபமின், இன்னும் இன்னும்னு ஆசையையும் தூண்டும். நீங்களா நிறுத்திடாதீங்க, நான் மெதுவா குறைக்கிறேன்.”

குறைத்தார். கையில் பழைய விறைப்பு கொஞ்சம் திரும்பியது. அதைவிட அந்தச் சந்தோஷம் போனதுதான் எனக்கு வலித்தது. அது என்னுடையதா, மாத்திரையுடையதா என்று அழுதேன்.

“பக்கத்துலயே இருந்துக்கினு எனக்குத் தெரியலையேம்மா” என்றார் வீட்டுக்காரர்.

உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை இருந்தால், புதிதாக முளைத்த ஆர்வம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அது நல்லதாகவே தெரிந்தாலும்.

இப்போது என் பொழுது ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரை. விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் கை வரும், பிறகு மெல்லப் போகும். போன வாரம் ஒரு நிஜப் பாவில் உட்கார்ந்தேன். கால்வாசி முடிவதற்குள் இடுப்பு வலித்தது, அலுத்தும் போனது.

“போதுங்க, மீதி நாளைக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. எத்தனையோ மாதமாக அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.