சாய்ப்பையும் சேர்த்து எழுதுங்கள்

“ஏளா, நீ படிச்சு இந்த ரசீத வாசிச்சிட்டா மட்டும் மண்ணு ஒங்களுக்கு ஆயிருமாக்கும்?”

ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் எங்கள் பஞ்சாயத்து கிளார்க் கேட்ட கேள்வி இது. தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில், உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா உப்பு வாரப் போனாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. வீட்டுத் தீர்வை, அதாவது வீட்டு வரி, வாங்க வந்த கிளார்க் கிழித்துக் கொடுத்த ரசீதை அன்று நான் கைநீட்டி வாங்கி, அப்பாவின் பெயரையும் கதவு எண்ணையும் தெரு கேட்க வாசித்தேன். அந்த வீட்டுக்குள் ஒரு ரசீது வாசிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அப்படிக் கேட்டார். எனக்கு அப்போது அது புரியவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் உலகத்தில் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் டெக்ஸஸில் இருக்கிறேன். பெருநகரத்துக்கு வெளியே, வேகமாக வளர்கிற ஒரு கவுண்டியில் எங்கள் வீடு. கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. எதிர்வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய வீட்டின் மதிப்பு தெரியும். யாருடைய வீட்டு மதிப்பையும் யாரும் கைப்பேசியில் பார்த்துவிடலாம். சம்பளத்தைக் கேட்டால் முகம் சுளிக்கும் இந்த ஊரில் இதை மட்டும் ஊரறியத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் புது மதிப்பு அஞ்சலில் வரும். அன்று மாலை தெருவில் ஆட்களைப் பார்க்கலாம். தபால் பெட்டியடியில் நின்றபடியே உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு இது சோளக்காடு. இப்போது வீடு, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், தீயணைப்பு நிலையம் என்று மண்ணிலிருந்து முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அத்தனைக்கும் முக்கால்வாசி வீட்டு வரியிலிருந்துதான் எடுக்கிறார்கள். புதிதாய் வீடு வாங்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் தேதி, வருடப் பிறப்பன்று, மனையில் என்ன நிற்கிறதோ அதற்குத்தான் அந்த வருடத்து வரி. நாங்கள் வாங்கிய வருடத்தின் பிறப்பில் இங்கே வெறும் மண்தான் இருந்தது. வெறும் மண்ணுக்கு வந்த வரியை வைத்து வங்கி மாதத் தவணையைக் கணக்கிட்டது. அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வந்தது. விட்டுப்போனதையும் சேர்த்து மாதாமாதம் பிடித்தார்கள். இதெல்லாம் நான் கையெழுத்துப் போட்ட காகிதக்கட்டிலேயே இருந்தது. ஒரு பக்கம் விடாமல் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதையும் சமாளித்தோம். பிறகு பின்வாசல் திண்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி, குளிர்சாதனம் வைத்து, ஒரு அறையாக்கினோம். அப்பாவுக்கும் அம்மாவுக்குமான அறை. விசாவில் வந்தால் ஆறு மாதம்தான் இருக்கலாம் என்பது தெரியும். ஆனாலும் அந்த ஆறு மாதமும் அவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கக்கூடாது என்று நினைத்தேன். அறை முடிந்த சில வாரங்களில் கவுண்டி மதிப்பீட்டாளர் ஒருவர் கழுத்தில் அட்டை தொங்க வந்து கதவைத் தட்டினார். உள்ளே வாருங்கள் என்றேன். வேண்டாம், வெளியிலிருந்து அளந்தால் போதும் என்றார். நம்மூரில் வேண்டாம் என்பவரை இன்னும் இரண்டு தடவை கூப்பிட வேண்டும், இல்லையென்றால் மரியாதை இல்லை. கூப்பிட்டேன். அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தேன். அறையைத் திறந்து காட்டினேன். குளிர்சாதனம் உண்டா என்று கேட்டார். உண்டு என்று போட்டும் காட்டினேன். “மிகவும் அழகான அறை” என்றார். நன்றி சொன்னேன். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டு லிண்டா வேலிக்கு மேலே தலையை நீட்டி, “அவனை உள்ளேயா விட்டாய்?” என்று கேட்டாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவள். இந்தத் தெருவில் என்னிடம் தானாகப் பேசுகிற ஒரே ஆள். “தேநீர் கொடுத்தேன்” என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நான் எங்கே கற்றேனோ அதைத்தான் செய்தேன். கிளார்க் வருகிறார் என்று தெரிந்தால் அப்பா முதல்நாளே முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அம்மா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி, கடையில் கலர் சோடா வாங்கி வைப்பாள். எங்கள் வீடு நிற்பது புறம்போக்கு நிலத்தில். பட்டா கிடையாது. அப்பாவுக்கு அந்த வீடு தன்னுடையது என்று சொல்ல இருந்ததெல்லாம் தீர்வை ரசீதுகள்தான். வேறு யாரும் கேட்காத ஒன்றை அவர் கிளார்க்கிடம் கேட்பார்.

“அண்ணாச்சி, பொறவாசல்ல ஒரு சாய்ப்பு எறக்கிருக்கேன். அதையும் சேத்து எழுதிக்கிடுங்க.”

“ஏ முத்து, ஊரே கொறைச்சுப் போடு கொறைச்சுப் போடுன்னு காலப் பிடிக்கான். நீ கூட்டிப் போடச் சொல்லுத. கிறுக்காலே ஒனக்கு?”

“இருக்கத எழுதுங்கண்ணாச்சி. எழுதாம விட்டா இல்லன்னு ஆயிரும்லா.”

பின்சுவரில் சாய்த்து இறக்கிய அந்தச் சாய்ப்பு நாலு ஓலையும் ரெண்டு தகரமும்தான். அதில்தான் நான் படித்தேன். பிறகு சாயர்புரத்தில் படித்தேன், திருநெல்வேலியில் படித்தேன், இங்கே வந்தேன்.

இந்த வசந்தத்தில் வந்த உறையைப் பார்த்து நானும் தபால் பெட்டியடியில் நின்றேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் என்று ஒரு சலுகை இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டால் வரிக்கான மதிப்பு வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஏறாது. நான் முதல் வேலையாக விண்ணப்பித்திருந்தேன். நீங்களும் செய்யுங்கள். ஆனால் புதிதாகக் கட்டிச் சேர்த்ததை அந்த வரம்பு காப்பாற்றாது. அந்த அறை, குளிர்சாதனத்தோடும் நல்ல வேலைப்பாட்டோடும், அப்படியே முழுசாக ஏறியிருந்தது. அதே மாதம் என் கணவர் ஜெகன் வேலை பார்த்த நிறுவனம் அவருடைய பிரிவை மூடிவிட்டது. என் ஒரு சம்பளத்தில் இந்த வீடு நிற்காது என்பதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஊருக்குப் பேசினேன். வரி ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

“தீர்வை கூடிருக்குன்னா வீடு பெருசாயிட்டுன்னுதானளா அர்த்தம்? சந்தோசப்படாம மூக்க உறிஞ்சுத” என்றாள் அம்மா. பிறகு தணிந்த குரலில், “இங்கன ரோடு அகலமாக்கப் போறானாம். அளக்க வந்தவன் நம்ம சொவத்துல செவப்புப் பெயின்டுல நம்பர் போட்டுட்டுப் போயிட்டான். ஒங்கப்பா அதையும் கதவு நம்பர்னு நெனச்சு எல்லாருகிட்டயும் காட்டுதாரு.”

அப்பா போனை வாங்கினார். “மாரி, அதெல்லாம் ஒண்ணும் செய்ய மாட்டான். அம்புட்டு வருச ரசீதும் எங்கிட்ட இருக்கு. நீ அங்கன ஒழுங்கா கெட்டிரு. தீர்வை கெட்டாத வீடு அனாத வீடு.”

இடிபடும் வீடுகளில் பட்டா உள்ளவர்களுக்குத்தான் இழப்பீடு என்று அளக்க வந்தவர்கள் தெருவில் சொல்லிவிட்டுப் போனதை அம்மா முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மதிப்பை எதிர்த்து இங்கே முறையிடலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். சண்டை இல்லை, உரிமை. லிண்டா பிள்ளைக்குப் பாடம் சொல்வதைப் போல எனக்குச் சொல்லித் தந்தாள். வீட்டின் குறைகளைப் படம் எடுத்துக்கொண்டு போ, பக்கத்தில் குறைந்த விலைக்கு விற்ற வீடுகளைக் காட்டு, உன் வீட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாதே. குறைக்குப் பஞ்சமில்லை. இந்த ஊர்க் களிமண் கோடையில் சுருங்கும். அறையின் சன்னலோரம் ஒரு விரிசல் ஓடியிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டி அலுவலர் என் வீட்டின் படத்தைத் திரையில் போட்டார். நான் வைத்த அரளி பூத்திருந்தது. விரிசல் படத்தைக் கொடுத்தேன். நடுவிலிருந்த அம்மையார் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு வழிவிடுவதைப் போல, மெதுவாகக் கேட்டார். “அப்படியென்றால் அந்த அறை குடியிருக்கத் தகுதியில்லாத நிலையில் இருக்கிறதா?”

ஆமென்று தலையை அசைத்திருந்தால் போதும். அதிகாரி வரும் நாளில் சுண்ணாம்பு அடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். “இல்லை. என் பெற்றோருக்காகக் கட்டியது. நல்ல அறை” என்றேன்.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். ஏதோ கொஞ்சம் குறைத்தார்கள். அது போதவில்லை.

திரும்பும்போது ஜெகன்தான் காரை ஓட்டினார். அவருக்குத் திருச்செந்தூர், லாட்ஜ் நடத்துகிற குடும்பம். “எங்க லாட்ஜ்ல ஃபேன் ஓடாத ரூமையே காத்தோட்டமான ரூம்னு சொல்லி வாடகைக்கு விடுவோம்” என்றார். “நீ என்னடான்னா ஒடைஞ்ச சொவத்தக் கையில வச்சிக்கிட்டு நல்ல ரூமுங்க. ஒன்னய வச்சு ஒரு நாளு லாட்ஜ் நடத்த முடியாது மாரி.” சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நான் அதிகம் போகவில்லை. கட்டில் வாங்கிப் போட்டிருந்தோம், மெத்தையின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அம்மா ஒவ்வொரு வாரமும் “டிக்கெட்டு எப்பம்ளா போடுத?” என்று கேட்கிறாள். உப்பளத்துக்காரிக்கு அமெரிக்காவில் தனி அறை என்று வேலைக்காட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். கிளார்க் இப்போது உயிரோடு இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால் அவர் அன்று கேட்டதற்கு இதைத்தான் சொல்வேன். அங்கே எழுதிக்கொண்ட எதுவும் எங்களுக்கு மண்ணைத் தரவில்லை. இங்கே என் பெயரில் மண் இருக்கிறது. அதன்மேல் எழுப்பியதை எழுதிக்கொண்ட நாளிலிருந்து அது என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

போன வாரம் அப்பாவின் வீட்டுக்கு இந்த வருடத் தீர்வையைக் கைப்பேசியிலேயே கட்டி, ரசீதை அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்பா கூப்பிட்டார்.

“எம் பேரு சரியா இருக்காம்மா. சாய்ப்பையும் சேத்துருக்கானா?”

“சேத்துருக்கான்ப்பா.”

“அங்கன? ஒன் வீட்டுக்குக் கெட்டிட்டியா?”

“கெட்டிருவேன்ப்பா” என்றேன்.

வீட்டை விற்கத் தரகரிடம் அதற்கு முந்தைய நாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்றுக் காலை விற்பனைப் பலகை நட ஆள் வந்தார். மண் இறுகிக் கிடந்ததால் தண்ணீர் ஊற்றித்தான் குழி தோண்ட முடிந்தது. தனி ஆளாக வந்திருந்ததால் கம்பத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுத் தெருவரை பின்னால் போய், கோணாமல் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன்.